சேகோ ஆலைக் கழிவுநீரில் ஹைட்ரஜன் எடுக்கலாமா?

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை (மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலை) நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஆலைக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு பயோகேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நிறுவனத்தார் வந்து, தாங்கள் தரும் பாக்டீரியாப் பொடியைக் கலந்தால் அதே தொட்டியில், அதே குழாயில் ஹைட்ரஜன் கிடைக்கும், அதைக் கொண்டு வண்டியே ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, அதற்குச் செலவு செய்யலாமா, ஏற்காட்டில் மைத்துனருடைய காப்பித் தோட்டக் கழிவுக்கும் அது பொருந்துமா என்கிறார். கேள்விகள் மூன்றாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான்: கையில் இருக்கும் மீத்தேனை, அதாவது பயோகேஸில் எரியும் பகுதியை, விட்டுவிட்டு ஹைட்ரஜனுக்கு மாறுவதால் ஆதாயம் உண்டா? பாக்டீரியா ஹைட்ரஜன் தருமா என்றால் சந்தேகமின்றித் தரும். மாறலாமா என்றால், இன்றைய நிலையில் வேண்டாம் என்பதே என் பதில். நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பயிற்சி பெற்று, சேலம், நாமக்கல் பகுதி ஸ்டார்ச், சேகோ ஆலைகளின் தொட்டிகளோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவன். எஞ்சினும், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலமும் என் துறை அல்ல என்பதால் அவற்றைத் தேவையான அளவுக்கு மட்டுமே தொடுகிறேன்.

பாக்டீரியா ஹைட்ரஜனை வெளியிடுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அதற்குக் காரணமான நொதிக்கு ஹைட்ரஜனேஸ் என்று 1931-லேயே கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் லியனார்ட் ஸ்டிக்லண்டும் பெயர் சூட்டிவிட்டார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துக்காக வேதியியலாளர் ஹைம் வைஸ்மன் மாவுப் பொருளிலிருந்து அசிட்டோன் தயாரித்தாரே, அந்தத் தொட்டிகளிலிருந்து வெளியேறிய வாயுவிலும் கார்பன் டை ஆக்சைடோடு ஹைட்ரஜன் கலந்தே இருந்தது. அந்த வேலையைச் செய்தது கிளாஸ்ட்ரிடியம் என்ற இனம். அதன் உறவினங்கள் உங்கள் தொட்டியின் அடிச்சேற்றிலும், ஆலைக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் மண்ணிலும் இப்போதே இருக்கின்றன. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை உடைத்து உயிர்வாழும் இந்த நுண்ணுயிர்களுக்கு, உடைக்கும்போது மிஞ்சும் எலக்ட்ரான்களை எங்காவது தள்ளியாக வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காததால் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் மேல் தள்ளுகின்றன. அதுவே வாயுவாகக் குமிழிட்டு வெளியேறுகிறது. வெளிச்சம் தேவைப்படாததால் இதை இருள் நொதிப்பு என்கிறோம்.

இனி கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் விற்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் வேகமாகக் கடந்து போவார்கள். ஒரு மூலக்கூறு குளுக்கோஸில் உள்ள ஆற்றல் முழுவதையும் ஹைட்ரஜனாக மாற்ற முடிந்தால் 12 மூலக்கூறு ஹைட்ரஜன் வர வேண்டும். ஆனால் இருள் நொதிப்பில் பாக்டீரியா சர்க்கரையைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. அசிட்டிக் அமிலத்தோடு நின்றால் அதிகபட்சம் 4, பியூட்டிரிக் அமிலத்தோடு நின்றால் 2, லாக்டிக் அமிலமாகவோ எத்தனாலாகவோ போனால் ஒன்றுமே இல்லை. இந்த 4 என்பது தொழில்நுட்பம் வளர்ந்தால் உயரக்கூடிய எண் அல்ல. அந்த உயிர்வேதி வழியின் உச்சவரம்பு. அந்த வரம்பை நெருங்கவும் ஹைட்ரஜனை உருவாக உருவாக நீரிலிருந்து விலக்கியபடியே இருக்க வேண்டும், அல்லது 70 டிகிரி வெப்பத்தில் வாழும் இனங்களைக் கொண்டு நொதிக்கவைக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில், உண்மையான ஆலைக் கழிவுநீரில், 1 முதல் 2 வரை கிடைத்தால் அதை நல்ல விளைச்சல் என்றே சொல்ல வேண்டும்.

உங்கள் ஆலையில் சி.ஓ.டி. அளந்திருப்பீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் அறிக்கையிலும் அந்த எண் இருக்கும். கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள் முழுவதையும் எரித்துத் தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. காற்றில்லாத தொட்டிக்குள் இந்த சி.ஓ.டி. அழிவதில்லை, எவ்வளவு எரிவாயுவாக வெளியே போகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் நீரில் குறைகிறது. பன்னிரண்டில் ஒன்றரை மூலக்கூறு ஹைட்ரஜனாகப் போனால் நீரில் குறைவது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், மற்றதெல்லாம் அமிலமாக அதே நீரில் நிற்கிறது. மீத்தேன் தொட்டியில் நிலைமை வேறு. அங்கே அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் சேர்ந்தே மீத்தேனாகின்றன என்பதால், ஒரு குளுக்கோஸிலிருந்து வரும் மூன்று மூலக்கூறு மீத்தேனுக்குள் அந்தப் பன்னிரண்டும் அடங்கிவிடுகிறது. ஆகவே பயோகேஸ் தொட்டி எரிபொருளும் தருகிறது, தண்ணீரையும் சுத்தம் செய்கிறது. ஹைட்ரஜன் தொட்டி முதல் வேலையைச் சிறிதளவு செய்துவிட்டு, இரண்டாவதை அநேகமாகச் செய்யாமலே விட்டுவிடுகிறது.

எண்களில் வைத்துப் பார்க்க, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சி.ஓ.டி. என்று எடுத்துக்கொள்வோம், இது உதாரணம்தான், உங்கள் எண்ணை இதில் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் நாளுக்கு 500 கிலோ சி.ஓ.டி. ஆகிறது. மீத்தேன் வழியில் 80 சதவீதம் நீங்கினால், கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 140 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அது ஏறக்குறைய 6 வணிக கேஸ் சிலிண்டருக்கு, அதாவது 19 கிலோ சிலிண்டருக்குச் சமம். ஹைட்ரஜன் வழியில், கழிவு முழுவதும் சர்க்கரையாகவே இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒன்றரை மூலக்கூறு விளைச்சலுக்கு 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஹைட்ரஜன் வரும். ஆற்றலில் அது அதே சிலிண்டர் ஒன்றுக்குச் சற்று மேல். வண்டிக் கணக்கில் சொன்னால், ஹைட்ரஜன் கார் ஒன்றின் தொட்டி 5, 6 கிலோ கொள்ளும். ஆலை முழுவதும் ஒரு நாள் ஓடி ஒரு காரை நிரப்பலாம், அதுவும் சுத்திகரிப்பில் ஒரு துளியும் வீணாகாமல் இருந்தால். அதன்பின் வெளியே வரும் நீரில் இன்னும் 4,300-க்கு மேல் சி.ஓ.டி. நிற்கும். ஆற்றில் விட 250 மில்லிகிராம்தான் வரம்பு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருமணிமுத்தாறும் வசிஷ்ட நதியும் பட்டது போதும்.

பாக்டீரியாப் பொடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹைட்ரஜன் தரும் இனம் இல்லை என்பது உங்கள் தொட்டியின் பிரச்சினையே அல்ல. அங்கே இப்போதும் ஹைட்ரஜன் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அது வெளியே வருமுன் மீத்தேன் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஹைட்ரஜன் வேண்டுமென்றால் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதைவிட, தின்பவரைத் தடுப்பதே வேலை. ஆய்வகங்களில் அதற்குச் செய்வது மிக எளிய காரியம்: அடிச்சேற்றை ஒரு பாத்திரத்தில் எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். மீத்தேன் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். கிளாஸ்ட்ரிடியம் விதை போன்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கி, ஆறிய பின் மீண்டும் எழும். அதற்கு மேல் பி.எச். எனப்படும் அமில-கார அளவை 5.5 ஒட்டி வைத்து, நீரைத் தொட்டியில் சில மணி நேரம் மட்டுமே நிறுத்தினால், மெதுவாகப் பெருகும் மீத்தேன் இனங்கள் தங்கி வளர முடியாமல் அடித்துச் செல்லப்படும். வெற்றிகரமாக நடந்தால் வரும் வாயுவில் பாதிக்கு முன்பின்னாக ஹைட்ரஜன், மற்றது கார்பன் டை ஆக்சைடு.

ஆலையில் இது ஏன் தடுமாறுகிறது என்பதற்கும் உறுதியான காரணங்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் புதிதாக வரும் கழிவுநீர் கொதிக்கவைக்கப்பட்டதல்ல. அதோடு எல்லா இனங்களும் மறுபடி உள்ளே வந்துவிடுகின்றன. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அசிட்டிக் அமிலமாக்கிவிடும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதுவும் உறைக்குள் ஒடுங்கத் தெரிந்தது என்பதால் கொதிக்க வைப்பதில் சாவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் நம் சேகோ ஆலைகளுக்கே உரிய தொல்லை லாக்டிக் அமில பாக்டீரியா. கிழங்குப் பாலை மணிக்கணக்கில் தெளிய வைத்து மேல்நீரைத் திறந்துவிடும் முறையில், அந்த நீர் தொட்டிக்கு வந்து சேருமுன்பே பாதி புளித்துவிடுகிறது. அரவைக் காலத்தில் ஆத்தூர்ச் சாலையில் போகிறவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும். அப்படிப் புளித்த சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் எதிர்பார்ப்பது வீண். மீத்தேனுக்கோ அதனால் பெரிய நட்டம் இல்லை, லாக்டிக் அமிலத்தையும் அது எடுத்துக்கொள்ளும். மரவள்ளித் தோலிலிருந்து வரும் சயனைடும் கவனிக்க வேண்டியது. ஆலைக்கென்று வளர்க்கும் கசப்பு ரகங்களில் அது அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் மீத்தேன் தொட்டி அதற்குப் பழகிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்கும் எந்தத் தொட்டியும் முதலில் திணறும். பி.எச். அளவைப் பிடித்து நிறுத்தச் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ நாள்தோறும் வாங்க வேண்டும் என்பதையும் அந்த நிறுவனத்தின் திட்ட மதிப்பீட்டில் தேடிப் பாருங்கள்.

நீரில் மிஞ்சும் அமிலங்களிலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. அறிவியல் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, வெளிச்சத்தில் அமிலங்களை உண்டு ஹைட்ரஜன் தரும் ஊதா நிற பாக்டீரியா. கண்ணாடிக் குடுவையில் அழகாக வேலை செய்யும் இது, ஆலை நீரின் கலங்கலில் வெளிச்சம் உள்ளே புகாததாலும், அம்மோனியா இருந்தால் ஹைட்ரஜன் தருவதை நிறுத்திவிடுவதாலும், பரப்பளவு மிகுதியாகத் தேவைப்படுவதாலும் தொழிற்சாலைக்கு வந்து சேரவில்லை. மற்றொன்று நுண்ணுயிர் மின்பகுப்புக் கலம். 2005-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் ஆய்வாளர்கள் காட்டிய முறை. நீரை நேரடியாக மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க நடைமுறையில் 1.8 வோல்ட் அளவில் வேண்டியிருக்க, இங்கே மீதி ஆற்றலை அமிலத்தை உண்ணும் பாக்டீரியா தந்துவிடுவதால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் ஆலைக் கழிவுநீரைக் கொண்டு 1,000 லிட்டர் கலத்தை ஓட்டிப் பார்த்தபோது, வெளிவந்த வாயுவில் பெரும்பங்கு மீத்தேனாகவே இருந்தது. உருவான ஹைட்ரஜனை அங்கும் நம் பழைய மீத்தேன் நுண்ணுயிர்களே தின்றுவிட்டன. இந்தத் துறையின் வரலாற்றில் பாதி இப்படித்தான்: ஹைட்ரஜனுக்கென்று கட்டிய தொட்டி, விட்டுவைத்தால், மீத்தேன் தொட்டியாகத் தானே மாறிக்கொள்கிறது.

நான் ஓரளவு மதிக்கும் வழி, ஹைட்ரஜன் தொட்டியையும் மீத்தேன் தொட்டியையும் வரிசையாக வைப்பது. முதலில் சிறிய அமிலத் தொட்டி. அதில் சில மணி நேரத்தில் கிடைக்கும் ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு, அமிலம் நிறைந்த நீரை உங்களிடம் ஏற்கெனவே உள்ள பெரிய தொட்டிக்கு விடுவது. இரண்டாம் தொட்டியிலிருந்து வெளியேறும் காரத்தன்மையுள்ள நீரில் ஒரு பகுதியை முதல் தொட்டிக்குத் திருப்பினால் சுண்ணாம்புச் செலவு குறையும். ஆயினும் திருப்பும் அந்த நீரோடு மீத்தேன் இனங்களும் சேர்ந்தே வரும் என்பது அதிலுள்ள சிக்கல். இரண்டு வாயுவையும் கலந்து எஞ்சினில் எரித்தால், ஹைட்ரஜன் வேகமாகப் பற்றுவதால் எரிதல் சீராகும். தில்லியில் 2020 அக்டோபரில் 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யில் 50 பேருந்துகளை ஓட்டிப் பார்க்கத் தொடங்கியதும் இந்தக் கொள்கையில்தான். அந்த ஹைட்ரஜன் பாக்டீரியா தந்ததல்ல, இயற்கை எரிவாயுவைச் சீர்மாற்றி எடுத்தது. இரு தொட்டி முறை ஆய்வகத்தில் ஒரு தொட்டியைவிடச் சற்றுக் கூடுதல் ஆற்றல் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கூடுதல், இன்னொரு தொட்டி, பம்பு, பி.எச். கட்டுப்பாடு ஆகியவற்றின் செலவைத் தாங்குமா என்பதைச் சேகோ ஆலை அளவில் உறுதியாகச் சொல்லுமளவுக்கு அனுபவம் இன்னும் சேரவில்லை. பருவத்துக்குப் பருவம் நின்று நின்று ஓடும் ஆலையில் தாங்காது என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயுவைக் கையாள்வதில் மட்டும் ஊகத்துக்கு இடமில்லை. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். ஹைட்ரஜன் 4 முதல் 75 வரை எந்த அளவிலும் பற்றும். பற்றவைக்கத் தேவைப்படும் பொறியும் மீத்தேனுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவிட்ச் போடும்போது எழும் பொறியே தாராளம். பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால், பயோகேஸைத் தாங்கி நிற்கும் ரப்பர் பலூனும் குழாய் இணைப்பும் இதைக் கசிய விடும். ஆகையால் 'அதே தொட்டியில், அதே குழாயில்' என்று அவர்கள் சொன்னது ஒன்றே அந்தத் திட்டத்தை ஒதுக்கிவைக்க எனக்குப் போதும். வண்டிக்கு என்றால் இன்னும் தூரம் போக வேண்டும். எரிபொருள் மின்கலத்துக்கான ஐ.எஸ்.ஓ. தரம் 99.97 சதவீதத் தூய்மை கேட்கிறது; நம் தொட்டி வாயுவில் இருக்கும் கந்தக வாடை துளியளவு இருந்தாலும் கலம் கெட்டுவிடும். தூய்மையாக்கி, 350 அல்லது 700 பார் அழுத்தத்துக்கு ஏற்றி, அதற்கெனச் செய்த உருளையில் அடைக்க வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் வேண்டும்.

ஏற்காட்டுக் காப்பிக்கு வருகிறேன். பல்ப்பரில் பழத்தோலை உரித்துக் கழுவும் நீரில் சர்க்கரை நிறைய உண்டு; அந்த வகையில் ஹைட்ரஜனுக்கு அது ஏற்ற பொருளே. ஆனால் அது வருவது அறுவடையின் சில வாரங்கள் மட்டும், அதுவும் சேர்வராயன் மலையில் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்களில். இந்த பாக்டீரியாவுக்கு 35 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். தொட்டியைச் சூடாக்கச் செலவிடும் ஆற்றலே கிடைக்கும் ஹைட்ரஜனை விழுங்கிவிடும். தோலிலுள்ள டானின் வகைகளும் நுண்ணுயிரைத் தடுக்கும். மைத்துனர் பழத்தோலை மட்க வைத்து உரமாக்குவதும், கழுவுநீருக்குச் சிறிய பயோகேஸ் தொட்டி போட்டு எஸ்டேட் சமையலுக்கு வைத்துக்கொள்வதும் போதுமானது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆராய்ச்சியே வீண் என்று நினைக்க வேண்டாம். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தேபபிரதா தாஸ் குழுவினர் என்டரோபாக்டர் குளோவாகே என்ற இனத்தின் ஒரு வகையைக் கொண்டு குளுக்கோஸுக்கு 2-க்குச் சற்று மேல் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினார்கள். ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி.யில் (இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம்) வெங்கட மோகன் குழுவினர் கழிவுநீரிலும் உணவுக் கழிவிலும் நெடுநாள் வேலை செய்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கமும், அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வரையறையும், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் போகாவிட்டால் உயிர்ப்பொருளிலிருந்து எடுப்பதையும் பசுமை ஹைட்ரஜனாக ஏற்கின்றன. நிறுவனத்தார் இந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் குறிப்பிட்ட தொட்டிக்கு எந்தத் திட்டத்தின் கீழ், எந்த அரசாணைப்படி உதவி கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதோடு, உங்களுடையதைப் போன்ற ஆலையில் ஒரு அரவைப் பருவம் முழுவதும் எடுத்த வாயுப் பகுப்பாய்வும், முதலில் உள்ளே போன சி.ஓ.டி., கடைசியில் வெளியே வந்த சி.ஓ.டி. இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். சில நாள் குடுவைச் சோதனையின் படத்தை மட்டும் காட்டினால் அது விடை ஆகாது.

நீங்களே பார்க்க விரும்பினால் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு ஐந்து லிட்டர் கேன்களை எடுத்து, ஒன்றில் தொட்டியின் அடிச்சேற்றை அப்படியே ஒரு பங்கு, மற்றொன்றில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து ஆறிய சேற்றை அதே அளவு விட்டு, இரண்டிலும் அன்று காலை வந்த புதுக் கழிவுநீரை நிரப்புங்கள். கொதிக்க வைத்த கேனில் சுண்ணாம்புத் தெளிவைக் கொண்டு பி.எச். 5.5-லும், மற்றதில் 7-லும் வையுங்கள். வாயுவைக் குழாய் வழியாகக் காஸ்டிக் சோடா கரைசலில் விட்டு, கவிழ்த்த பாட்டிலில் சேருங்கள். கார்பன் டை ஆக்சைடு கரைசலில் நின்றுவிடும், பாட்டிலில் சேர்வதே எரியும் பகுதி. மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ வையுங்கள், மூடிய அறையில் வேண்டாம், கையுறை போடுங்கள், எந்தப் பாட்டிலிலும் தீக்குச்சி வைத்துப் பார்க்காதீர்கள், பகுப்பாய்வுக்கு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கொதிக்க வைத்த கேனில் முதல் ஓரிரு நாளில் வாயு வேகமாக எழுந்து நின்றுவிடும், திறந்தால் ஊசிப்போன வெண்ணெய் வாடை முகத்தில் அடிக்கும். அது பியூட்டிரிக் அமிலம். மற்ற கேன் மெதுவாகத் தொடங்கி வாரக்கணக்கில் தந்துகொண்டிருக்கும். இரண்டும் ஓய்ந்த பின் மேல்நீரை எடுத்து சி.ஓ.டி. பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் அடுத்த முறை அவர்கள் வரும்போது முன்னால் வைத்து, மீதியை எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேளுங்கள்.